பிளந்த கன்றின் நடுவே

அரசரின் பத்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், 4

பாபிலோனின் கல்தேயர் எருசலேமைச் சுற்றி வளைத்து இன்றோடு பதினோரு மாதம். நேற்றுக் கொதித்த அதே தோல்வாரை அசுபாள் இன்றும் கொதிக்க வைத்தாள்.

வடக்கு வாசலருகே கவண்கல் விழுந்தது. குயவனின் மனைவி தலையில்லாமல் கிடந்தாள். இடுப்பிலிருந்து உருண்ட தண்ணீர்க் குடம் மட்டும் உடையவில்லை. அசுபாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"செத்தவகிட்டேருந்தா எடுத்தே?" என்றேன்.

"செத்தவளுக்குத் தாகம் எடுக்காது சின்னம்மா. உங்களுக்கு எடுக்குமே."

குடித்தேன்.

அசுபாள் எனக்கு அம்மாவிடமிருந்து வந்த அடிமை. எங்கள் எபிரெய இனத்தாள்தான், தெக்கோவா ஊர்க்காரி. பஞ்ச காலத்தில் அவள் தகப்பன் விற்றான். தன் இனத்தாரை ஏழாம் ஆண்டில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டச் சுருளை, எழுத்தரான அப்பாவுக்காக மூன்று முறை நானே படியெடுத்திருக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார் அப்பா. அவள் எங்களிடம் வந்து இது பதினோராம் ஆண்டு.

ஒன்பதாம் மாதம், 11

அரசர் ஆணை. எபிரெய அடிமைகள் அனைவருக்கும் விடுதலை. கடவுளின் கோபம் தணிந்தால் முற்றுகை விலகும் என்று நம்புகிறார்கள்.

ஆலயத்தின் முன் கன்றை உயிரோடு நிறுத்தினார்கள். நகரத்தின் கடைசிக் கன்றாக இருக்கும், விலா எலும்பை எண்ணலாம். கழுத்தை அறுத்து, முதுகெலும்போடு கோடாலியால் பிளந்தார்கள். சுத்தமாகப் பிளக்கவில்லை, நான்கு வெட்டு வேண்டியிருந்தது. இரண்டு பாதிகளை எதிரெதிரே வைத்தார்கள். சொன்ன சொல்லை மீறினால் நானும் இப்படி ஆவேனாக என்று சொல்லிக்கொண்டே நடுவில் நடக்க வேண்டும். பிரபுக்கள், ஆசாரியர்கள், பிறகு எழுத்தர்கள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அசுபாள் உன் பேர்ல இருக்கா. நீயும் நட."

நடந்தேன். குடல் இன்னும் சூடாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. செருப்பில் ரத்தம் ஏறியது. எனக்கு அப்போது என்ன தோன்றியது? உண்மையை எழுதுகிறேன்: பசி. அந்த இறைச்சியை என்ன செய்வார்கள் என்று யோசித்தேன்.

ஒன்பதாம் மாதம், 13

அசுபாள் கிணற்றுச் சந்தில் ஒரு விதவையோடு தங்கிவிட்டாள். இன்று வழியில் பார்த்தேன்.

"என்ன கெத்சியா, திரிகை சுத்த வருதா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிரித்தாள். பதினோரு ஆண்டில் அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதை இன்றுதான் கவனிக்கிறேன்.

பதினோராம் மாதம், 2

போய்விட்டார்கள்! எகிப்தியப் படை வருகிறதென்று கல்தேயர் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள். மதில் மேல் ஆண்கள் அழுகிறார்கள். வாசல்கள் திறந்தன. கடவுள் நம்மை மீட்டார் என்று தெருவெல்லாம் பாட்டு. காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கும் தீர்க்கதரிசி மட்டும், அவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறாராம். "அந்தாளு வாயில நல்லது வராது" என்று அப்பா காறித் துப்பினார்.

கோதுமை வந்தது. நான்தான் அரைத்தேன். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம் உடைந்து சீழ்.

பதினோராம் மாதம், 6

பிரபுக்கள் வீடுகளில் அடிமைகளைத் திரும்பப் பிடித்து வருகிறார்கள். முதலில் ஒரு வீடு, மாலைக்குள் தெரு முழுவதும். எதிர்வீட்டுக்காரர் ஒருவனை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்து வந்தார். ஆபத்து போய்விட்டதே.

அசுபாள் விடியற்காலையிலேயே நகரை விட்டுக் கிளம்பிவிட்டாளாம். அப்பா கேட்டார்: "எந்தப் பக்கம் போயிருப்பா? உனக்குத் தெரியுமே."

தெரியும். தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெக்கோவா சாலை" என்றேன்.

ஏன் சொன்னேன்? கை வலித்தது, அதனாலா? அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது, அதனாலா? அன்பு என்று எழுத வந்தது. எழுத மாட்டேன்.

பதினோராம் மாதம், 8

கழுதையின் வாலில் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஓடியபோது முழங்காலில் கல்லெறிந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குச் சட்டம் தெரியும். எஜமானை நேசிக்கிறேன், போகமாட்டேன் என்று அடிமை தானாகச் சொன்னால், கதவோடு சேர்த்துக் காது குத்தலாம். பிறகு ஆயுளுக்கும் அடிமை. இரண்டு பெரியவர்களை வரவழைத்தார். அசுபாளின் வாயில் துணியை அடைத்திருந்தார்கள்.

"இவ சொன்னாளா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"சொன்னா" என்றேன்.

குத்தூசியை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். அவள் தலையைத் திருப்பினாள், மடல் கிழிந்தது. மறுபடி அடித்தார்கள். கதவில் ரத்தம் கோடாக இறங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் மாதம், 9

நான்தான் சொன்னேன். நான்தான். வேற யாரும் இல்ல.

பன்னிரண்டாம் மாதம், 20

திரும்பி வந்துவிட்டார்கள். எகிப்தியர் சண்டையே போடாமல் ஓடினார்களாம். மதிலிலிருந்து பார்த்தால் வடக்கு முழுவதும் தூசி.

அசுபாள் மாவரைக்கிறாள். கூப்பிட்டால் வருகிறாள். பேசுவதில்லை.

பதினோராம் ஆண்டு, மூன்றாம் மாதம், 17

கீழ்த்தெருவில் ஒரு வீட்டிலிருந்து இறைச்சி வேகும் வாசனை. நகரத்தில் ஆடு இல்லை, நாய்கூட இல்லை. அந்த வீட்டில் தொட்டில் குழந்தை இருந்தது. இன்று அழுகை கேட்கவில்லை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனோம். பொத்தியும் வாயில் எச்சில் ஊறியது. நான் படித்த அத்தனை சுருள்களிலும் இதற்கு ஒரு வார்த்தை இல்லை.

நான்காம் மாதம், 9

மதில் உடைந்தது. இடிமரத்தின் சத்தம் நின்றதும்தான் தெரிந்தது. அரசர் ஓடிவிட்டார்.

அசுபாள் என் கழுத்தைப் பிடித்து முற்றத்து நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி, தானும் குதித்தாள். அடியில் முழங்கால் அளவு சேறு. மேலே ஓட்டமும் அலறலும். தொட்டியின் வாய் வழியாக ஒரு கை தொங்கியது, வெகுநேரம் சொட்டியது. யாருடையது என்று தெரியவில்லை.

"ஏன் என்னையும் தள்ளினே?" என்று காதோரம் கேட்டேன்.

"வாய மூடு."

ஐந்து மாதத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஐந்தாம் மாதம், 10

ஆலயம் எரிகிறது. மூன்று நாளாக. வெண்கலத்தை உடைத்து வண்டியில் ஏற்றுகிறார்கள்.

அப்பாவைப் பார்த்தேன். மீன் வாசலருகே, தோளிலிருந்து இடுப்பு வரை பிளந்து. காகங்கள் இருந்தன. மூட ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. கல்லெறிந்து விரட்டினேன், மறுபடி வந்தன. மறுபடி எறிந்தேன். அசுபாள் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு அவளும் ஒரு கல்லை எடுத்தாள். காகத்துக்கா அப்பாவுக்கா என்று எனக்குத் தெரியாது. எறியவில்லை, கீழே போட்டுவிட்டாள்.

கடவுளே, கணக்காக நடத்திவிட்டீர். அந்தக் கன்றுக்கு நடுவே அவரோடு நானும்தான் நடந்தேன். என்னை ஏன் விட்டீர்?

ஐந்தாம் மாதம், 21. ராமா என்ற ஊர், எருசலேமுக்கு வடக்கே

எல்லோரையும் இங்கே கயிற்றில் கோத்து உட்கார வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். வீடும் நிலமும் உள்ளவர்கள் பாபிலோனுக்கு. ஒன்றும் இல்லாத ஏழைகளுக்கு இங்கேயே வயலும் திராட்சைத் தோட்டமும் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். அடிமைகள் எஜமானோடு போக வேண்டும்.

எங்கள் பேச்சு தெரிந்த, பாபிலோன் வழியிலுள்ள ஆமாத்து ஊர்க்காரன் ஒருவன்தான் கேள்வி கேட்கிறான். அசுபாளின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"ஓட்டைக் காது. அப்போ அடிமை. உங்களோடவளாம்மா?" என்று என்னைக் கேட்டான். அசுபாள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலு மாச நடை. உங்க காலைப் பாத்தா எங்க ஊரையே தாண்டாது. தண்ணி தூக்க, காலைப் பிடிக்க ஒருத்தி கூட வந்தா உயிரோட போய்ச் சேருவீங்க."

பயமாக இருந்தது. கயிற்றில் எனக்கு முன்னால் இருந்த பெண் நேற்று நடக்க முடியாமல் விழுந்தாள். கயிற்றை அறுத்து அவளை விட்டுவிடவில்லை, குத்திக் கொன்ற பிறகுதான் அறுத்தார்கள்.

"அவ என்னோடவ இல்ல. காது குத்தினது பொய்ச் சாட்சி வெச்சு. அவளா எதுவும் சொல்லல."

"சாட்சி யாரு?"

"நான்தான்."

அவன் சிரித்தான். "உங்க ஊரு எரிஞ்சதுல ஆச்சரியமே இல்ல" என்று அசுபாளின் கயிற்றை அறுத்தான்.

அவள் எழுந்தாள். நாலடி போனாள். திரும்பி வந்து என்னை ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்டி!"

காவலர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம், 27

இடது கால் வீங்கி விட்டது. நடக்கிறேன்.

ஆறாம் மாதம், 15. ஆமாத்துக்குத் தெற்கே

ராமாவிலிருந்து கடைசிக் கூட்டம் இன்று எங்களோடு சேர்ந்தது. என் பக்கத்துக் கயிற்றில் நெத்தோபாக்காரன் ஒருவன். ஓயாமல் பேசுகிறான். யார் யாருக்கு எந்த நிலம் கிடைத்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"எங்க ஊரு ஓடைக்கு மேல ஒரு திராட்சைத் தோட்டம், பழம் பிழியுற ஆலையோட சேர்த்து. அதைப் போய்க் காது கிழிஞ்ச ஒருத்திக்குக் கொடுத்திருக்கானுங்க. பழம் பறிக்க ஆள் தேடி ராமாவுக்கு வந்தா. ரெண்டு பொம்பளைங்ககிட்ட, பாதிப் பழம் உங்களுக்குன்னு பேசிக் கூட்டிட்டுப் போனா. நல்ல தோட்டம். கொடி ஒவ்வொண்ணும் என் தொடை கனம்."

தெரியும். என் தாத்தா நட்ட கொடிகள். அப்பாவுக்குப் பின் எனக்கு என்று எழுதி முத்திரை வைத்த பத்திரம் வீட்டோடு எரிந்தது.

"முன்னாடி அது யாரோடது, உனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.