எஸ்கலேட்டரின் கீழே நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலைக் காட்சிக்கு ஒரு வயதான அம்மா வந்திருந்தார். எங்கள் தி. நகர் மாலின் தரைத்தளத்தில், எஸ்கலேட்டர் முன்னால் நின்று, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். கூட வந்த பிள்ளைகள் பாதி தூரம் மேலே போய்விட்டார்கள். நான் மூன்றாவது மாடிக் கைப்பிடியோரம் நின்று பார்த்தேன். அன்று உன்னையும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

சாந்தோமில் வீடு, மயிலாப்பூரில் தியேட்டர் என்று வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மேட்னி. நீ தலைவாரிப் பூ வைத்துக் கிளம்புவதற்குள் அங்கே படம் போட்டிருப்பார்கள். டார்ச் அடிப்பவர் தன் பாட்டுக்கு முன்னால் போய்விடுவார். நான் இருட்டைப் பார்த்து வாசலிலேயே நிற்பேன். "கையைப் பிடிச்சுக்கோடா. கண்ணு பழகிடும்" என்பாய். சீட்டில் உட்காரும்வரை விடமாட்டாய். எனக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்தது உன்னால்தான். அதுவே என் வேலையானபோது என்னைவிட அதிகமாகப் பீற்றிக்கொண்டதும் நீதான்.

நான் வேலை பார்க்கும் தியேட்டர் கம்பெனி இந்த மாலில் தன் முதல் அரங்குகளைத் திறந்த அன்று உனக்குப் பாஸ் அனுப்பினேன். பட்டுப்புடவையில் வந்தாய். நான் முதலாளிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே வா என்று சைகை காட்டினேன். ஒரு காலை வைத்தாய், எடுத்தாய். பின்னால் வந்தவர்கள் உன்னை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். லிஃப்ட், பார்க்கிங் பக்கம் ஒரு மூலையில் இருந்தது. ஜனங்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டே மேலே வரட்டும் என்று அப்படி வைத்தார்கள். அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். நீ சிரித்துக்கொண்டே, போ போ என்று கையசைத்தாய். நானும் போய்விட்டேன்.

மறுநாள் போனில் கேட்டேன். "படம் எப்படிக்கா இருந்துச்சு?"

"சூப்பர்டா! சீட்டுல உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரல."

நீ மேலே வரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். தம்பி மனசு நோகக் கூடாது என்று நீ பொய் சொன்னாய். எனக்கு அந்தப் பொய் சௌகரியமாக இருந்தது, அக்கா. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கம்பெனி கிடுகிடுவென வளர்ந்தது. ஊர் ஊராகப் பழைய தியேட்டர்களை வாங்கினோம், மால்களில் மாடி பிடித்தோம். நம் மயிலாப்பூர் தியேட்டரையும் இடித்துக் கட்டினோம். கீழே துணிக்கடை, அரங்குகள் எல்லாம் மேலே. ஒவ்வொரு திறப்புக்கும் உனக்குப் பாஸ் போனது. ஒவ்வொரு முறையும் "சூப்பர்டா" என்றாய். ஆள் வைத்து லிஃப்டில் கூட்டிவரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முதல் நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

உன் அடக்கத்தன்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கல்லறைத் தோட்ட வாசலில் அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா படம் பார்த்து எத்தினி வருஷமாச்சு தெரியுமா? டிவில போட்டாக்கூட வேணாம்பாங்க. தம்பி தியேட்டர்லதான் பார்ப்பேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

இன்று நான் கீழே ஓடினேன்.

"பயமா கீதுப்பா" என்றார் அந்த அம்மா.

"கையைப் பிடிச்சுக்கோங்க. பழகிடும்" என்றேன். உன் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது. அதை இத்தனை வருஷமும் எங்கேதான் வைத்திருந்தேனோ.

"வுட்டுடாத நைனா" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று மாடியும் விடவில்லை. மேலே வந்ததும் பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷத்தில் என்னை மறந்து போய்விட்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா. அன்றைக்கு முதலாளிகள் என்னைத் தேடியிருக்கக்கூட மாட்டார்கள்.