மூன்றாவது கிளாஸ் எனக்கு

என்னங்க,

ஆறு மணிக்கு உங்கள் அண்ணன் வருகிறார். நான் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வர ஆறரை ஆகும். காலையில் நீங்கள் கேட்ட காக்டெயில் அளவு இதுதான்: ஸ்காட்ச் அறுபது மில்லி, வெர்மூத் என்கிற இனிப்பு ஒயின் முப்பது, பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு இரண்டு சொட்டு. ஐஸ் போட்டு நீளக் கரண்டியால் நிதானமாகக் கலக்க வேண்டும். இருமல் மருந்து பாட்டில் மாதிரி குலுக்கினால் கலங்கிப்போகும்.

போன தடவை நான் சமையலறையில் கலந்து கொடுத்தேன். நீங்கள் ஹாலுக்குக் கொண்டுபோய், "நானே கலந்தேண்ணா" என்றீர்கள். "உன் கைப்பக்குவம் யாருக்குடா வரும்!" என்று அவரும் மெச்சினார். எனக்கு மட்டும் ஆரஞ்சு ஜூஸ். "அண்ணன் முன்னாடி வேணாம்மா, ப்ளீஸ்" என்று கெஞ்சினீர்கள். நானும் ஜூஸைக் குடித்துத் தொலைத்தேன்.

இன்று அது நடக்காது. பிட்டர்ஸ் பாட்டில் என் கைப்பையில் இருக்கிறது, வீட்டில் தேடாதீர்கள். அது இல்லாமல் கலந்தால் அண்ணன் முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் வரும்வரை கடலையைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். வந்து ஹாலில் வைத்தே கலப்பேன், அங்கேயே உட்கார்ந்து குடிப்பேன். ஃப்ரீசரில் மூன்று கிளாஸ் இருக்க வேண்டும்.

ஜூஸும் வாங்கி வைத்திருக்கிறேன். என்னோடு உட்கார்ந்து குடிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு.

சொல்ல மறந்துவிட்டேன், கிளாஸில் போடும் செர்ரி இரண்டுதான் மிச்சம். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. தனக்கு ஏன் இல்லை என்று அண்ணன் கேட்டால், கலந்தவளைக் கேட்கச் சொல்லுங்கள்.