சிவப்பு நாடா கட்டிய செடிகள்

அன்பு மகள் வாண்டுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று எழுதினால்தான் எங்களுக்கு நிம்மதி. நீ சொன்னபடி ஒவ்வொரு பயற்றஞ்செடியிலும் ஓர் இலையைக் கிள்ளி உறையில் போட்டு நான் அனுப்பியதும், நீ அதன் டி.என்.ஏ.வைப் பார்த்து, மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் அடையாளம் இருக்கிற செடிக்குச் சிவப்பு நாடா, இல்லாததற்கு வெள்ளை நாடா என்று எழுதியதும், நான் முதுகு ஒடியக் குனிந்து கட்டியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நான்தான் சொன்னேன். என் மகளைக் கேட்காமல் அவள் இருக்கிற வெளிநாட்டில் ஒரு விதையும் முளைக்காது என்று பம்பு மெக்கானிக்கிடம் ஒரு போடு போட்டேன். அவன், "அண்ணே, என் முடியிலயும் ஒண்ணு அனுப்புங்க, கொட்டுமா நிக்குமானு பாத்துச் சொல்லட்டும்" என்கிறான். "கொட்டி முடிஞ்சதுக்கு எதுக்குடா டெஸ்ட்" என்றேன்.

ஆனால் மகளே, சிரிப்பு அத்தோடு சரி. நோய் வந்தால்தானே உன் அடையாளம் மெய்யா பொய்யா என்று தெரியும், இந்தப் போகத்தில் அதைப் பரப்புகிற வெள்ளை ஈயையே முதலில் காணோம். வயல் பச்சைப்பசேலென்று நின்றது, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். இந்த முறையும் நிரூபிக்காவிட்டால் உன் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோயை இழுத்து வருவதற்காக வரிசைக்கு வரிசை நடுவே நீ போடச் சொன்ன நோஞ்சான் ரகம் ஒருவழியாக மஞ்சள் தட்ட ஆரம்பித்தது, மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனையும் வரப்பில் குவிந்து கிடக்கிறது. உன் சித்தி பிடுங்கிப் போட்டிருக்கிறாள். "ஏங்க, நோய் விழுந்த செடியை யாராவது விட்டு வைப்பாங்களா, நம்ம பிள்ளை வயலைப் பாத்து நாலு பேர் சிரிக்கவா?" என்கிறாள். ஆயுசு முழுக்கக் களை எடுத்துப் பழகிய கை, நல்லது செய்துவிட்ட நினைப்பில் வியர்வை வழிய நிற்கிறாள்.

அப்புறம் நோய் பிடித்த செடி தேடிச் சைக்கிளில் அலைந்தேன். தூரத்துத் தோட்டக்காரர் ஒருவர், "எல்லாரும் மருந்து கேட்டு வருவாங்க, நீ நோயைக் கேட்டு வர்றியே, தலையில கிலையில ஏதும் அடிபட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். வேரோடும் ஈயோடும் தொட்டியில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுவந்து வயலில் இறக்கினேன். நான் கைதட்டியதும் ஈயெல்லாம் அணிவகுத்துப் போனதாக இங்கே சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீ மறுத்துவிடாதே. அந்த அலைச்சலில் படுத்த உடம்பு இன்னும் சரியாக எழவில்லை.

நோய் நன்றாகவே பரவியது. வெள்ளை நாடா கட்டியதெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. சிவப்பு நாடா கட்டியது அப்படியே பச்சையாக நிற்கிறது, ஒன்றைத் தவிர. கிணற்றுப் பக்கம் கடைசிச் செடி, கழுத்தில் சிவப்பு நாடாவோடு உச்சி இலையெல்லாம் மஞ்சள். சித்தி பக்கத்தில் வந்து மெதுவாக, "இது ஒண்ணை மட்டும் பிடுங்கிடுங்க, அவகிட்ட யாரு சொல்லப் போறா, பாவம் பிள்ளை" என்றாள். நானும் தண்டில் கை வைத்துவிட்டேன் அம்மா. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நான் நாடாவை மாற்றிக் கட்டியிருக்கலாம், இலை உறை மாறியிருக்கலாம், இல்லை உன் அடையாளமே இந்தச் செடியிடம் தோற்றிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. இதனால் உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்றும் தெரியவில்லை. அதன் இலையைத் தனி உறையில் இத்துடன் வைத்திருக்கிறேன், மறுபடி பார்.

எங்கிருந்தாலும் குறையொன்றும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள் சித்தி. உறையைப் பதமாகப் பிரி, இலை காய்ந்திருக்கும். செடி வயலில்தான் நிற்கிறது, நாடாவையும் அவிழ்க்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா