நீ வேண்டாம் என்று சொன்ன தார்

எடி, இன்று காலை கடையைத் திறக்கும்போதே தார் வாசனை. எட்டிப் பார்த்தால் ஜங்ஷனில் பீப்பாயை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள், பக்கத்தில் ஜல்லி லாரி. தைக்க எடுத்த ஜாக்கெட்டை மடியில் போட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் அந்த வாசனை வந்தால் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. நீ இருந்திருந்தால் பால் சொசைட்டியில் அளந்துகொண்டிருந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்திருப்பாய். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இப்போது ஓட வேண்டியவள் நான்.

பெருங்கடவிளையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் நம் ரோட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு ரோட்டுக்கான திட்டம், அகலம், இரண்டு பக்கமும் ஓடை, தண்ணீர் ஏறாத உயரத்தில் கலுங்குப் பாலம், பஸ் திரும்ப இடம், வருஷா வருஷம் பராமரிப்பு எல்லாம் சேர்த்து, நீ நடையாய் நடந்து மேலே அனுப்ப வைத்தாயே, அந்த ஃபைல் இன்னும் திருவனந்தபுரத்தில்தான் கிடக்கிறது. அதற்கு நடுவில் இந்தத் தார். மேலே ஒரு பூச்சு பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். போன தடவை நடந்தது அதுதானே?

அந்தக் கூத்தை மறக்க முடியுமா! தார் போட்ட அன்றைக்கே நம் பையன்களின் கிளப்பு, ‘எங்கள் கனவு நனவானது, நன்றி நன்றி’ என்று யார் யார் படத்தையோ போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தது. பட்டாசு, பாயசம் வேறு. முதல் மழையிலேயே தார் உரிந்து ஓடையோடு போயிற்று. நாம் மறுபடி பொதுமராமத்து ஆபீசுக்குப் போய் நின்றால், அங்கிருந்தவர் போனை எடுத்து அந்த ஃப்ளெக்ஸின் படத்தைக் காட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே, பிறகு என்ன என்றார். திரும்பி வந்ததும் நீ வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்து, உன் விறகுப் புரைக்குக் கூரையாகக் கட்டினாய். “இதுக்காவது பிரயோஜனப்படட்டு” என்றாய். கிளப்புப் பையன்கள் கொஞ்ச நாள் உன் வீட்டு வழியே தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு டயாலிசிஸ் தொடங்கியது. நெய்யாற்றின்கரைக்கு ஆட்டோவில் உன்கூட வந்தேனே, ஒவ்வொரு குழிக்கும் நான் “எம்மா” என்று அலறுவேன். தலையணையை இடுப்புக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு நீ சிரிப்பாய். “நோவு எனக்கு, சத்தம் உனக்கா?” திரும்பி வரும்போது வாந்தி எடுத்து என் தோளில் சாய்ந்து கிடப்பாய். அப்படிக் கிடந்த ஒரு நாள்தான், குழியை மட்டும் அடைத்துத் தருகிறோம் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் உடனே சரி சொல்லு என்றேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

“எடி, கிறுக்கா உனக்கு? உனக்க உடம்பு கெடக்க கெடையப் பாரு” என்று கத்தினேன்.

“எனக்கு மட்டும் உள்ள ரோடு இல்ல நாம கேக்குறது,” என்றாய். “இனி வரப்போறவங்களுக்குள்ள ரோடாக்கும்.”

உங்கள் மிஷன் சபையில் உன்னை அடக்கம் செய்த அன்று, பிரசங்கத்தில் இதைச் சொன்னார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

அந்த வார்த்தையோடு என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாயே! என் மகள் முதல் பேறுக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, தனுவச்சபுரத்தில் அவள் புகுந்த வீட்டிலிருந்து நாங்கள்தான் அழைத்து வந்தோம். இனி எந்த நாளும் ஆகலாம் என்கிறார் டாக்டர். மழை வலுத்தால் கலுங்குக்கு மேல் தண்ணீர் ஏறி வழி அடைந்துவிடும். ராத்திரி அவள் புரண்டு படுத்தால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜங்ஷனுக்குப் போனேன். பால் சொசைட்டிப் பெண்கள் முன்பே வந்து நின்றிருந்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவானே, அந்த ஆட்டோ தங்கராஜ், அவன்தான் முன்னால் வந்தான்.

“எக்கா, உனக்க மகளுக்கு நோவு வந்தா நானாக்கும் வரணும். இந்தக் குழியில எங்ஙன கொண்டு போவேன்? கிட்டுறத வாங்கிப் போடு.”

அவன் சொன்னதில் என்ன தப்பு? வேலையைப் பார்க்க வந்திருந்த ஓவர்சியரிடம் போய், இது தற்காலிக வேலை, முழுத் திட்டம் பாக்கி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், தாராளமாகப் போடுங்கள் என்றேன். அவர் நல்ல மனுஷன்தான். “அது பற்றத்தில்ல சேச்சி” என்று கையை விரித்தார். இப்போது போடாவிட்டால் இந்தப் பணம் திரும்பிப் போய்விடுமாம். வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உன்னைத் திட்டினேன். நீ வேண்டாம் என்றது உன் உடம்பை வைத்து. வலியும் உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையது. நான் என் மகளின் உடம்பை வைத்தல்லவா சொல்ல வேண்டும்? அதற்கு எனக்கு என்ன அதிகாரம்? கடைசியில், “வேண்டாம் சாரே, முழு ரோடு வரட்டு” என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பெண்கள் வந்து என் பக்கத்தில் நின்றார்கள். தார் வேலைக்காரர்கள் அடுப்பை அணைத்தார்கள். தங்கராஜ் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தால் மகள் வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் யாரோ அவளுக்குப் போன் செய்திருந்தார்கள்.

“லாரி போச்சாம்மா?”

“போச்சு மக்கா.”

“அப்பம் எனக்கு நோவு வந்தா?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அடுக்களைக்குள் போய் அவளுடைய மாமியாருக்குப் போன் செய்தேன். அவர்கள் வீடு மெயின் ரோட்டில், எந்த நேரமும் வண்டி உண்டு, பேறு முடியும்வரை அவள் அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். தலைப்பிள்ளைப் பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புகிற பேச்சை நம் ஊரில் யாராவது பேசியிருப்பார்களா?

“எங்களுக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி,” என்றார்கள். “ஆள்கள் கேட்டா என்ன சொல்ல?”

மத்தியானம் மருமகன் கார் கொண்டுவந்தான். அவ்வளவு தூரமும் பைய ஓட்டிப் போயிருக்கிறான், சேர்ந்ததும் கூப்பிட்டான். அவள் ஏறும்போது அழுதாள். வெப்ராளப்படாதே மக்கா, நான் பின்னாலேயே வாறேன் என்று சொன்னேன். இப்போது மழை பிடித்துவிட்டது. அவள் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

உன் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று பெண்கள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ பிடித்த பிடிவாதம்தான் கையில் இருக்கிறது, கீழே வைக்கத் தெரியவில்லை. மகளிடம் போவதற்கு முன்னால், நாளைக் காலை அதைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஆபீசுக்குப் போகிறேன். உன்னைப்போல் கணக்காகப் பேச எனக்கு வராது. அங்கே இருக்கிறவரிடம் எனக்குத் தெரிந்த மாதிரிதான் கேட்பேன்: “தலைப்பேறுக்கு வந்த எனக்க மகளை வீட்டில இருந்து எறக்கி விட்டிட்டு வந்திருக்கேன் சாரே. எங்களுக்க ரோடு எப்பம் தருவிய?”