செத்தவீட்டுக்கு மட்டும் வந்த வெடி

அண்ணை,

இன்று காலை வரம்பு செதுக்கும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தால் வெறும் தோட்டாக் கோது. சிவப்பு பிளாஸ்டிக் வெளிறி, பித்தளை அடி பச்சை பிடித்து, உள்ளே சேறு அடைத்துக் கிடந்தது. மணந்து பார்த்தேன். வெடிமருந்து மணம் எப்போதோ போய்விட்டது. எந்தப் போகத்தில் நீங்கள் சுட்டதோ தெரியாது. அழுகை வரும் என்று பார்த்தால் எனக்கு வந்தது கோபம். வரம்பிலேயே குந்தியிருந்து வாய்விட்டுத் திட்டினேன். உங்களையும் சேர்த்துத்தான்.

எங்கள் வயல்வெளியில் துவக்கு வைத்திருக்கிற பேமிட் உங்கள் ஒருவர் பெயரில்தான் இருந்தது. காட்டைத் தொட்டுக் கிடக்கிற கடைசி வயல் உங்களுடையது, அதற்கடுத்தது என்னுடையது. வயல்காரர் எல்லோரும் சேர்ந்து தோட்டா வாங்கித் தருவது, நீங்கள் காவல் நிற்பது என்று ஒரு ஒழுங்கு. ஒரு யானையைக்கூட நீங்கள் குறிவைத்ததில்லை. வானத்துக்கு ஒரு வெடி, அவ்வளவுதான். அது நின்று காதை விரிக்கும், கொஞ்சம் யோசிக்கும், திரும்பிவிடும். “அதுக்கும் குட்டி இருக்குது பிள்ளை. சத்தம் போட்டாக் காணும்” என்பீர்கள்.

பிறகு தோட்டா விலை ஏறத் தொடங்கியது. முந்தி ஒரு பெட்டி வாங்கின காசுக்கு ஒன்றிரண்டு கூட வராது என்ற நிலைக்குப் போனது. அந்தக் காசைக் கொடுத்தாலும் சாமான் இல்லை. கப்பல்துறைச் சந்தியில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெறுங்கையோடு வந்து இறங்குவீர்கள். “அடுத்த மாசம் வரட்டாம்.” அடுத்த மாதமும் அதே கதை. கையால் கொளுத்தி எறிகிற யானை வெடிக்கும் தட்டுப்பாடு என்றார்கள்.

சண்டைக் காலத்தில் எங்கள் கூரைக்கு மேலால் போன வெடிக்குக் கணக்கிருந்ததா அண்ணை? அப்போது ஒருத்தரும் சாமான் முடிந்துபோச்சு என்று சொல்லவில்லை. விலையேறிப்போச்சு, இண்டைக்குச் சுட ஏலாது என்று எந்தப் பக்கமும் வீட்டுக்குப் போகவில்லை. மனிசரைச் சுட எவ்வளவும் இருந்தது. ஒரு ஏழைக் கமக்காரன் வானத்தைச் சுடத்தான் ஒன்றும் இல்லை. நாசமாய்ப் போக!

எங்கள் கமக்காரர் சங்கத் தலைவர் லிங்கநகரில் கல்வீட்டில் இருந்துகொண்டு இங்கே வயல் செய்கிறவர். கூட்டத்தில் என்ன சொன்னார்? “சும்மா வானத்துக்குச் சுடுறதுக்கு இவ்வளவு காசோ? தகரத்தில தட்டினாக் கலையாதோ?” எல்லாத் தலையும் ஆடியது. நான் எழும்பி, “அப்ப நீங்கள் வந்து தட்டுங்கோவன்” என்றேன். நீங்கள் கண்ணைக் காட்டி, “விடு பிள்ளை” என்றீர்கள். அந்த ‘விடு பிள்ளை’க்கு எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஏன் விடவேண்டும்?

மிச்சம் இருந்தது ஒரு தோட்டா. ரெண்டு மாரி கண்டு ஊதிப்போன தோட்டா. அதைச் சுளகில் செத்தல் மிளகாயோடு வெயிலில் வைத்திருந்தீர்கள்.

“என்ன அண்ணை, தோட்டாவும் குழம்புக்கோ?” என்று பகிடி விட்டேன்.

“ஓம், ரெண்டும் காரம்தானே” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் வயல் அதற்கு முதல் நாளே அறுவடை வெட்டி முடிந்துவிட்டது. உங்களுக்குக் காவல் தேவையே இல்லை. அன்று இருட்டுகிற மைமல் நேரம் தலைவரின் வயலில்தான் யானை இறங்கியது. ஆட்கள் தூரத்தில் நின்று கத்தினார்கள். நீங்கள் துவக்கை எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் என் வரம்பில் நின்றேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்ப ஒரு ‘டிக்’. வெடிக்கவில்லை. தகரம் அடித்தார்கள்தான், அதற்கு அது அசையவே இல்லை. பிறகு நடந்ததை நான் எழுத மாட்டேன்.

செத்தவீட்டுக்குத் தலைவர் வான் வண்டியில் வந்தார். வான் நிறைய வெடிப் பெட்டி. உங்கள் வாசல் படலையிலிருந்து சுடலை வரை சரம் சரமாய்க் கொளுத்தினார்கள். கண்டி றோட்டே புகை. காது அடைத்தது. காட்டிலுள்ள யானையெல்லாம் அன்று மலைநாட்டுக்கே ஓடியிருக்கும். பெண்கள் படலையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழமை. என்னால் நிற்க ஏலாமல் போய்விட்டது. றோட்டில் இறங்கிப் போய்த் தலைவரின் கையிலிருந்த சரத்தைப் பறித்தேன்.

“இதில ஒரு முழம் அண்டைக்கு இருந்திருந்தா அண்ணை இண்டைக்குப் பெட்டிக்குள்ள கிடப்பாரே?”

“செத்தவீட்டில கதைக்கிற கதையோ இது? மரியாதைக்கெல்லோ செய்யிறம்” என்றார் அவர். யாரோ என்னைக் கையில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சந்தியில் உங்கள் படம் போட்டுப் பெரிய பனர் கட்டியிருந்தது. ‘அஞ்சா நெஞ்சன்’ என்று எழுதியிருந்தார்கள்.

துவக்கைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. நேற்று, இந்தப் போகத்துக்கான கூட்டம். அக்கா, உங்கள் மனிசி, பின்கதிரையில் இருந்தா. முதலில் எழும்பி நின்று உங்களுக்கு மௌன அஞ்சலி. பிறகு தலைவர் தொடங்கினார். தோட்டா இந்த முறையும் கிடைக்காதாம், கிடைத்தாலும் விலை கட்டாதாம், ஆனால் காவலுக்கு ஆள் வேணுமாம். “அவரை மாதிரி ஒரு துணிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும். பயம் எண்டாலே தெரியாத மனிசன்.”

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது அண்ணை. ஒருத்தனை வீரன் என்று சொல்லிவிட்டால் அவனுக்குத் தோட்டா வாங்கிக் கொடுக்கத் தேவையில்லையல்லவா? எவ்வளவு மலிவு!

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன். அன்று சுளகிலிருந்து அந்தத் தோட்டாவை எடுக்கும்போது, சிரிப்பு அடங்கின பிறகு, என்னிடம் மெல்லச் சொன்னீர்களே: “இது வெடிக்காட்டி என்ன செய்யிறதெண்டு நினைக்க வயித்தைக் கலக்குது பிள்ளை. அக்காட்டைச் சொல்லிப்போடாதை.” அதை அப்படியே, உங்கள் குரலிலேயே, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். “அண்ணைக்குப் பயம். பயந்து பயந்துதான் உங்கட வயலுக்குள்ள இறங்கினவர்.”

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “எனக்குத் தெரியும் பிள்ளை. வெளிக்கிட முதல் தண்ணி தண்ணியெண்டு வாங்கிக் குடிச்சவர். கை நடுங்கிச் சேட்டெல்லாம் ஊத்திப்போட்டுது.”

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். தோட்டாவோ யானை வெடியோ கைக்கு வந்து சேரும்வரை எங்கள் வெளியில் ஒருத்தரும் காவலுக்கு இறங்குவதில்லை என்று நான் சொன்னேன். “அப்ப நெல்லு?” என்றது ஒரு குரல்.

“யானை திண்ணட்டும்.”

ஒவ்வொரு கையாய் உயர்ந்தது, கடைசியில் தலைவருடையதும். என் நெல்லும் அதிலே போகலாம். போகட்டும். உங்கள் துணிவை அவர்கள் பனரில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். நடுங்கி ஊற்றின அந்தத் தண்ணீர் அக்காவிடமும் என்னிடமும் இருக்கிறது அண்ணை. அதை வைத்துக்கொண்டு இனி ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்ப நான் விடமாட்டேன்.