ஊதாக் கண்ணாடியும் அரசாங்க ஆளும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு அரசாங்க அதிகாரியின் முன்னால், பெண்கள் போடும் ஊதாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர் கொரீனுக்காக வந்தார். என் மகள் நாட்டுப் பாதுகாப்பு வழக்கறிஞர். பன்னிரண்டு வருடம் அரசு வேலை, பிறகு நான்கு வருடமாகத் தனியார் சட்ட நிறுவனம். இப்போது அரசே திரும்பக் கூப்பிடுகிறது, பெரிய பதவிக்கு. அதற்கு முன் ஆளைத் துருவித் துருவி விசாரிப்பார்கள். விவாகரத்துச் சமயத்தில் ஒரு வருடம் என் வீட்டில் இருந்தாள், அதனால் என்னையும்.

ப்ரூயிட் என்று பெயர், சின்ன வயசு. சோபாவில் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார். அடியில் என் சிநேகிதி ஹிரூத்தின் கண்ணாடி.

"உங்களுதா சார்?"

"ஆமா" என்றேன். மாட்டியும் காட்டினேன். உலகமே தண்ணீருக்குள் போய்விட்டது.

"வீட்டுக்கு வழக்கமா வர்றவங்க யாராவது? வெளிநாட்டுக்காரங்க?"

"நான் ஒண்டிக்கட்டை சார்."

காலமெல்லாம் மெட்ரோ ரயில் ஓட்டியவன் நான். சிவப்பு விளக்கைத் தாண்டியதே இல்லை. இன்று தாண்டிவிட்டேன்.

மார்ச் 5

தூக்கம் இல்லை. ஹிரூத் எத்தியோப்பியப் பாஸ்போர்ட்காரி. பக்கத்து ஊரான சில்வர் ஸ்பிரிங்கில் சின்ன ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். ஐந்து வருடப் பழக்கம். இந்த வயதில் வேறு என்ன பெயர் வைப்பது? பழக்கம் என்றே இருக்கட்டும். கொரீன் அரசில் இருந்தபோது, வெளிநாட்டார் சகவாசம் அவளுக்கு வம்பாகும் என்று மறைத்தேன். தனியாருக்குப் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது. சோம்பலா, பயமா? எனக்கு இரண்டும் ஒரே வண்டியில்தான் வரும்.

மார்ச் 9, ஞாயிறு

கொரீன் சாப்பிட வந்தாள். தனியாருக்குப் போனதிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. யாராவது கட்சிக்காரர் போனில் கத்துவார். இவள் ஒரு கையில் கோழித்தொடை, மறு கையில் போன் என்று சட்டம் பேசுவாள். பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

அரசு வேலையில் இதெல்லாம் ஏது? ஜன்னல் இல்லாத அறை. போனை வாசலிலேயே பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறைந்துபோன அவள் அம்மா வெர்னாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, காலையில் நான் விட்ட செய்தியை அவள் சாயங்காலம்தான் பார்த்தாள்.

"ஏம்மா மறுபடியும் அங்கேயே போறே?"

"இங்கே ஏதோ ஒரு கம்பெனியைக் காப்பாத்துறேன்ப்பா. அங்கே..." நிறுத்திக்கொண்டாள். "அங்கே என்ன பண்ணுவேன்னு சொல்ல முடியாது."

"சொன்னா மட்டும் எனக்குப் புரியவா போகுது?"

இருவரும் சிரித்தோம். கண்ணாடி விஷயம் தொண்டைவரை வந்து, கோழியோடு கீழே இறங்கிவிட்டது.

மார்ச் 12

கொஞ்ச நாள் வராதே என்று ஹிரூத்திடம் சொன்னேன்.

"நான் என்ன உளவாளியா? எங்கிட்ட இருக்கிற ஒரே ரகசியம், மாவு எவ்வளவு புளிக்கணும்கிறதுதான்." கண்ணாடியை எடுத்துக் கைப்பையில் போட்டாள். "உம் மககிட்ட நீயா வாயைத் திறந்து சொல்லு. அப்புறம் வர்றேன்."

மார்ச் 13

ஹிரூத் கொடுத்த இஞ்சேரா ரொட்டியில் மீதி இருந்ததைத் தின்றேன். புளிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சிட்டேன். பொய் சொன்னதையும்.

கொரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் முகம் போய் வக்கீல் முகம் வந்தது.

"அதிகாரிகிட்ட பொய் சொல்றது குற்றம்ப்பா. என் வேலை கிடக்கட்டும், நீ மாட்டிக்குவே. காலையில முதல் வேலையா அவருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லு."

"அப்போ ஹிரூத்தால உனக்கு..."

அப்புறம்தான் சிரித்தாள். "அவங்களைப் பத்தி அரசு வேலையில இருந்தப்பவே ஆபீஸ்ல சொல்லியாச்சு. இந்தத் தடவையும் சொல்லியிருக்கேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முட்டை அவிக்கத் தெரியாத மனுஷன் வீட்டு ஃபிரிட்ஜ்ல இஞ்சேரா! பையில கடைப் பேரு வேற. நேராப் போனேன். காபி போட்டுக் குடுத்தாங்க. இன்னமும் போய்க்கிட்டுதான் இருக்கேன்."

"ரெண்டு பேருமா? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீயா சொல்லுவேன்னு காத்திருந்தோம். இவ்வளவு தாமதமா வருவேன்னு நினைக்கலை, ரயில்காரரே."

அப்படியானால் ப்ரூயிட்டுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

மார்ச் 17

போன் செய்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"நீங்களா கூப்பிட்டது நல்லதாப் போச்சு சார். இல்லேன்னா நான் திரும்ப வர வேண்டியிருந்திருக்கும்" என்றார் ப்ரூயிட். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் கார்டைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சீங்க சார்."

ஜூன் 6, வெள்ளி

பதவிப் பிரமாணம். கொரீன் வலது கையைத் தூக்கி நின்றாள். வெர்னாவின் நெற்றி அப்படியே. வெள்ளை உடையில் என் பக்கத்தில் ஹிரூத். எனக்குக் கண் கலங்கியதும் தன் ஊதாக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இந்தா, மறைச்சுக்க."

முடிந்ததும் கொரீன் தன் மேலதிகாரியிடம் எங்களைக் காட்டினாள். "எங்க அப்பா. இவங்க ஹிரூத்..." என்னைப் பார்த்தாள்.

"நான் கட்டிக்கப்போறவங்க" என்றேன். என் வாயா அது?

"எங்கிட்ட எப்போ கேட்டே?" என்றாள் ஹிரூத். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.

வாசலில் கொரீன் என் டையைச் சரிசெய்தாள். "திங்கள்லேர்ந்து போன் பூட்டுக்குள்ளதான்ப்பா. ஞாயிறும் உறுதியில்லை. பரவாயில்லையா?"

"நீ நாட்டைப் பாரு. எனக்கென்ன, ரொட்டிக்கடையே கையில இருக்கு" என்றேன்.

அன்று ப்ரூயிட்டிடம் பொய் சொன்னேனே, சொன்ன அந்த நொடியில் ஒன்று தோன்றியது: இதனால் அவளுக்கு இந்த வேலை கிடைக்காமல் போனால், அவள் ஞாயிற்றுக்கிழமை எனக்கே. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.