கறுத்த மூலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் மகளும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு மகள் வாங்கித் தந்த தைலத்தைத் தடவுகிறீர்களா? அந்த ஊர்க் குளிர் வலியைக் கூட்டும். சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

படகை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என்னைக் கேட்காதே என்று கிளம்பும்போது சொன்னீர்கள். அதனால் கேட்கவில்லை. ஆனாலும் பாதிப் படகு உங்களுடையது. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனில் சொல்லலாம்தான். பேசும்போது அழுகை வந்துவிடுமோ என்ற பயம் இல்லை, வராமல் போய்விடுமோ என்றுதான் பயம். அதனால் எழுதுகிறேன்.

பாறையில் இடித்த அடிப்பாகத்தைப் பட்டறையில் சரிசெய்து வண்ணமும் அடித்துவிட்டார்கள். எங்கே உடைந்தது என்றே தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், உப்பு போட்டேனா இல்லையா என்று சாப்பிட்டு முடித்த பிறகும் தெரிவதில்லை.

படகை வாங்க ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார். ஓய்வு பெற்றவர். பாய்மரம் பிடித்திருக்கிறது, பாயும் பிடித்திருக்கிறது, அந்தக் காலத்து மீட்டர்கள் மட்டும் வேண்டாம், மாற்றிக் கொடுங்கள் என்றார். உங்கள் கொழுந்தன் பட்டறைப் பக்கமே வருவதில்லை, நான்தான் போய் வருகிறேன்.

எலக்ட்ரீஷியன் வாய் ஓயாத மனிதர். மீட்டர்கள் இருந்த பலகையைக் கழற்றியதும் உள்ளே இருந்த ஒயர்க் கூட்டத்தைப் பார்த்து, யார் செய்த வேலை இது என்று சிரித்தார். செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அத்தான் சுற்றிய டேப் எது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பிறகு பிரிக்க வசதியாக முனையை மடித்து விட்டிருப்பார். என் வீட்டுக்காரர் சுற்றியது கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கும். யாரோ செய்தார்கள் என்று சொல்லிவைத்தேன்.

காற்று மீட்டர் இன்னும் ஓடுகிறது. எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று அத்தான் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தாரே, அதேதான். அதையாவது விட்டுவைக்கலாமே என்றேன். பழசும் புதுசும் ஒன்றோடொன்று பேசாது, எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார்.

ஆழம் காட்டும் மீட்டரைக் கடைசியாகக் கழற்றினார். அதன் திரையில் ஒரு மூலை வெயிலில் கறுத்துப் போயிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எண் தெரிகிறதே, போதும் என்று நாம் நாலு பேருமே விட்டுவிட்டோம். படகின் அடியிலிருந்து அதற்கு வரும் ஒயர் அரித்துப் போயிருக்கிறது, அக்கா. தகவல் வருவது நின்றால் இந்த வகை மீட்டர் கடைசியாகக் காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்குமாம். தகவல் வரவில்லை என்று எச்சரிக்க ஒரு சின்னக் குறி எரியுமாம். அந்தக் குறி எரிகிற இடம்தான் கறுத்த மூலை.

அன்று இவர் சுக்கானைப் பிடித்திருந்தார், அத்தான் முன்னால் நின்றார், இடித்த வேகத்தில் தண்ணீரில் விழுந்தார், தலையில் அடி, அதோடு போய்விட்டார். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீட்டர் விஷயம் தெரிந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள்மேல் தப்பில்லை, மீட்டர்தான் ஏமாற்றிவிட்டது என்றேன். கையிலிருந்த பட்டாணி தீரும்வரை உரித்தார். பிறகு, விசாரிக்க வந்தவர்களிடமும் உங்களிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

"தண்ணி நிறம் வேற மாதிரி இருக்குடான்னு அண்ணன் சொன்னாரு. நான் மீட்டரைப் பாத்துட்டு, நிறைய ஆழம் இருக்கு, பேசாம உக்காருங்கண்ணான்னேன். அவரு கோவிச்சுக்கலை. சரிடா, நான் முன்னால போய் ஒரு பார்வை பாத்துட்டு வரேன்னு போனாரு."

அவ்வளவுதான் சொன்னார். ஏற்ற இறக்கமே இல்லாத குரல், கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல.

அந்த மனுஷன் எதற்காக முன்னால் போய் நின்றார் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். தெரியாது, அண்ணி என்றே இவர் சொன்னார். இவருக்குத் தெரியும், அக்கா. இப்போது எனக்கும் தெரியும். அதை உங்களுக்குச் சொல்லாமல் நான் இந்த வீட்டில் நடமாட முடியாது.

அண்ணிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். தோலையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டார். மறுநாள் மத்தியானம் பார்த்தால் மேஜைமேல் தபால் தலை வாங்கி வைத்திருந்தது.

பட்டறைக்காரர் பழைய மீட்டரை என்ன செய்வது என்று கேட்டார். போட்டுவிடுங்கள் என்றேன். காலியான பெயிண்ட் டப்பாக்களோடு அது தொட்டியில் கிடந்ததைப் பார்த்தேன். ஆத்திரம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இவரை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. அது உங்கள் இஷ்டம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு தடவை போன் பண்ணுங்கள். சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறார். மணி அடித்தால் எடுக்க மாட்டார், நான் எடுத்துக் கையில் கொடுக்கிறேன். திட்டுவதானால் திட்டுங்கள். திட்டவும் மனசு வரவில்லை என்றால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே நீங்கள் இவரைக் கேட்டு வந்த கேள்விதானே. நான் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை மூடி வைத்துவிடுகிறார். நீங்கள் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், அக்கா.

என்றும் உங்கள் வீட்டுச்
சின்னவள்